சமீபத்தில் எடுத்ததில் உங்களுக்கு மனசுக்குப் பிடித்த ஒரு படம் (தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம்)

பென்னாகரத்தான்:

வணக்கம். நம் பக்கத்தில் கேமராவோ போனோ வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறோம். ஒருவர் எடுத்ததை இன்னொருவர் நிதானமாகப் பார்ப்பதுதான் இல்லை. 'சூப்பர்' என்று ஒரு வார்த்தை, அதோடு சரி. அதனால் கேட்கிறேன், இந்த மார்கழி, தையில் எடுத்ததில் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு படத்தைப் போடுங்கள். ஏன் பிடித்தது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, என்ன செட்டிங்ஸ் என்பதையும் எழுதுங்கள். ஒகேனக்கல் அருவியும் பரிசலும் எல்லோரிடமும் இருக்கும், அதைத் தாண்டி ஒன்று இருந்தால் அதை முதலில் போடுங்கள்.

என்னுடையது ஒரு நடுகல். அரூர் போகும் வழியில் ஒரு கொல்லையோரம் நிற்கிறது, பாதி மண்ணுக்குள். வீரன் வலது கையில் வாள், இடது கையில் வில், மார்பில் அம்பு தைத்திருக்கிறது, காலடியில் மாடுகள். மேலே இரண்டு மூன்று வரி வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து. நம் மாவட்டத்துப் பழைய கற்களில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னாருடைய சேவகன், எந்தத் தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் (இறந்தான்) என்றெல்லாம் வெட்டியிருப்பார்கள். அந்த ஆளின் பேர் ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போனாலும் கல்லில் இருக்கிறது, அதனால்தான் எனக்கு இதை எடுக்க அவ்வளவு ஆசை.

கல் தெற்கே பார்த்து நிற்கிறது. பகலில் பார்த்தால் எழுத்து இருப்பதே தெரியாது. காலை ஏழு மணிக்கு முன்னால் வெயில் கிழக்கிலிருந்து கல்லை உரசிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து, அம்பின் நுனிவரை எழுந்து வந்துவிட்டது. எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு), ஐ.எஸ்.ஓ 200 (சென்சாரின் ஒளியுணர்வு), ட்ரைபாட். கல்லுக்கு நேரெதிரே, அதே உயரத்தில் கேமரா.

கூடவே ஒரு கேள்வி. இதே பக்கம் இன்னொரு கல் புளியமரத்தடியில் வடக்கே பார்த்து இருக்கிறது. எப்போது போனாலும் மொத்தமும் நிழல். அதை எப்படி எடுப்பது?


கல்லும்கதையும்:

அருமையான படம் அண்ணா, அந்த வில்லின் நாண்கூடத் தெரிகிறது. பகல் வெயில் எல்லாக் கல்லுக்கும் ஆகாது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம், அது கல் எந்தத் திசை பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. கிழக்கே பார்த்த கல்லுக்குக் காலை வெயில் நேர் முகத்தில் அடிக்கும், எழுத்து தட்டையாகிவிடும். அதே கல்லுக்குப் பதினொன்றேமுக்கால் வாக்கில் போனால் வெளிச்சம் மேலிருந்து கீழே வழித்துக்கொண்டு இறங்கும், பளிச்சென்று எழுத்து நிற்கும். மேற்கே பார்த்ததற்கு உச்சி தாண்டிக் கொஞ்ச நேரத்தில்.

வடக்கே பார்த்த கல்லுக்கு இப்போது வெயில் வரவே வராது. நாம் இருப்பது ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நம் ஊரில் உச்சிச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் நண்பகலில் போனால் வடக்கு முகத்தில் சரியான சாய்வெளிச்சம் கிடைக்கும், விடிந்ததும் போனாலும் கிடைக்கும். ஆனால் உங்கள் கல் புளியமரத்தடி என்கிறீர்கள், அப்போது மரம் மறைக்கும். அதற்கு ஒரு நல்ல வழி, நன்றாக இருட்டின பிறகு போய், கேமராவை ட்ரைபாடில் வைத்து, இரண்டு நொடி ஷட்டர் திறந்து, கூட வந்தவரை ஒரு டார்ச்சைக் கல்லின் விளிம்பை ஒட்டினாற்போல் பிடிக்கச் சொல்வது. இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று தனித்தனியாக எடுங்கள், ஒன்றில் தெரியாத எழுத்து இன்னொன்றில் தெரியும்.

எழுத்து தெரியவேண்டும் என்று சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள், யார் சொன்னாலும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாது. நம் பக்கம் பல கற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள், மஞ்சள் குங்குமம் இருந்தால் அது அவர்கள் வைத்தது, துடைக்காமல் அப்படியே எடுங்கள், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். பழக வேண்டும் என்றால் தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போகலாம், நிறைய நடுகற்கள் வைத்திருக்கிறார்கள். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் உண்டு.

என் படம் நாளைக்குப் போடுகிறேன், இன்னும் கணினியில் ஏற்றவில்லை.


தேன்கனிக்கோட்டைப் பெண்:

என் படத்தில் யானை இல்லை, ஆனால் அது யானையைப் பற்றிய படம்தான். மாமாவின் ராகிக் கொல்லையில் மரத்தின்மேல் கட்டிய பரண், அதில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாமா, கையில் டார்ச், மேலே முழுக்க நட்சத்திரம். போனில்தான் எடுத்தேன், ப்ரோ மோடில் (செட்டிங்ஸை நாமே மாற்றும் வசதி) ஐ.எஸ்.ஓ 1600, 20 நொடி, போனை ஒரு கல்லில் சாய்த்துவைத்து டைமரில். மாமாவை அந்த 20 நொடி அசையாமல் இருக்கச் சொன்னேன், அவர் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார்.

கார்த்திகை, மார்கழியில் ராகி முற்றும்போது கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும். ஒரு ராத்திரி புகுந்தால் வருஷத்து உழைப்பு போய்விடும், அதனால் எங்கள் ஊரில் ஆண்கள் அறுவடைவரை வீட்டில் படுப்பதில்லை. யானைப் படம் எத்தனையோ வருகிறது, காவல் இருக்கிறவர்களின் முகம் எதிலும் வருவதில்லை. எனக்கு அதை எடுக்கவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, இந்த வருஷம் முடிந்தது.


ஓசூர் லென்ஸ்:

அக்கா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், டார்ச் வெளிச்சம் தாடையில் மட்டும் விழுவது பிரமாதம். அடுத்த முறை யானை வரும்போது சொல்லுங்களேன், 600 எம்எம் லென்ஸ் ஒன்று வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறேன், ஒரு ராத்திரி வந்து உட்காருகிறேன்.


தேன்கனிக்கோட்டைப் பெண்:

வேண்டாம் தம்பி. கோபத்தில் சொல்லவில்லை. கூட்டம் வந்திருக்கிறது என்றால் வனத்துறை ஆட்களும் ஊர்க்காரர்களும் அதைத் திரும்பக் காட்டுப் பக்கம் அனுப்பத்தான் பாடுபடுவார்கள், அந்த நேரத்தில் புதிதாக ஒரு ஆள், ஒரு ஃபிளாஷ், ஒரு வண்டியின் ஹெட்லைட் போதும், யானை திசை மாறி வீடுகள் பக்கம் ஓடிவிடும். 600 எம்எம் இருந்தாலும் இருட்டில் அது உதவாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவதே குற்றம், 2022ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தபிறகு நம் இரண்டு மாவட்டத்திலும் பெரிய பரப்பு அதற்குள் வந்துவிட்டது. ட்ரோன் பற்றி நினைக்கவே வேண்டாம். பகலில் வாருங்கள், ராகி அடிப்பதைப் படமெடுக்கலாம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.


ஓசூர் லென்ஸ்:

சரிங்க அக்கா, புரிந்தது. பகலிலேயே வருகிறேன்.

என்னுடையது எருது விடும் விழா. சூளகிரி பக்கம், பொங்கல் முடிந்த வாரம். ஷட்டரை 1/1000 நொடி வைத்து எடுத்ததெல்லாம் கூர்மையாக இருக்கிறது, ஆனால் உயிரில்லை, மாடு நிற்கிற மாதிரியே இருக்கிறது. எனக்குப் பிடித்தது 1/60ல் மாட்டோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுத்தது. கொம்பில் கட்டியிருந்த வண்ணத் தட்டியும் கண்ணும் மட்டும் தெளிவு, கூட்டம் முழுக்கக் கோடாக இழுபட்டிருக்கிறது. நிறைய எடுத்தால் ஒன்று தேறும். தடுப்புக்கு வெளியே, கொஞ்சம் உயரமான இடத்தில் நின்றுதான் எடுத்தேன், உள்ளே நின்று எடுக்கிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.


பாலக்கோடு பையன்:

எல்லோருக்கும் வணக்கம் அண்ணா, அக்கா. என்னிடம் போன் மட்டும்தான். நான் போடுவது போன வருஷம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் எடுத்தது, மார்கழி தை கணக்கில் வராது, ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறு இல்லை. விடியற்காலை, துரியோதனன் வேஷக்காரர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டீ குடிக்கிறார், முகத்தில் அரிதாரம் வியர்வையில் கரைந்திருக்கிறது. இது வெளியே எடுத்தது, நன்றாக வந்தது. மேடையில் எடுத்த எல்லாவற்றிலும் கறுப்புக் கோடு கோடாகக் குறுக்கே ஓடுகிறது. போன் பழுதா?


கல்லும்கதையும்:

போனில் ஒன்றும் பழுதில்லை தம்பி. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்.இ.டி விளக்கு அதில் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும், கண்ணுக்குத் தெரியாது. போன் சென்சார் படத்தை மேலிருந்து கீழே வரிவரியாக வாசிப்பதால், ஷட்டர் வேகமாக இருந்தால் சில வரிகள் வெளிச்சம் குறைந்த நேரத்தில் மாட்டிக்கொள்ளும், அதுதான் கோடு. ப்ரோ மோடில் ஷட்டரை 1/100 அல்லது 1/50ல் நிறுத்து, ஐ.எஸ்.ஓவை அதற்கேற்ப மாற்று. வீடியோவுக்கும் 25 பிரேம், 1/50. அடவு போட்டுச் சுற்றும்போது 1/50ல் கை கால் கலங்கும், அதனால் அவர் நின்று வசனம் பேசும் நேரம் பார்த்து எடு. ஜெனரேட்டரில் ஓடினால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், 1/90, 1/110 என்று மாற்றிப்பார்.

டீ குடிக்கிற படம் இங்கே போட்டதிலேயே எனக்கு முதல் படம். அதை அவருக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தாயா?


பாலக்கோடு பையன்:

இன்னும் இல்லை அண்ணா. அவர் காரிமங்கலம் பக்கம்தான், விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். 8க்கு 12 போதுமா?


பென்னாகரத்தான்:

தாராளமாகப் போதும், மேட் பேப்பரில் போடு தம்பி, பளபளப்பு வேண்டாம். புளியமரத்துக் கல்லுக்கு இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் டார்ச்சோடு போகிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன், விளக்கேற்றி முடிந்ததும் வரச் சொன்னார். டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அரூர் பக்கம் யாராவது வரமுடியுமா?