மறுமொழி: டியர்டு இன்டர்வென்ஷன் – படியா, அடுக்கா?

> அமெரிக்க மாநிலம் ஒன்றின் கல்வித் துறை பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டியை, அங்கே இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காகச் சுருக்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். பிள்ளையின் தேவைக்கு ஏற்பப் பள்ளி உதவியைக் கூட்டிக்கொண்டே போகும் முறையான 'டியர்டு இன்டர்வென்ஷன்' வரும் இடத்தில் எல்லாம் 'படிநிலைத் தலையீடு' என்று போட்டிருக்கிறேன். ஸ்டேட் எஜுகேஷன் ஏஜென்சிக்கு 'மாநிலக் கல்வி முகமை'. சரியா?

வணக்கம் அக்கா,

'தலையீடு' வேண்டவே வேண்டாம். அரசியல் தலையீடு, போலீஸ் தலையீடு என்றே கேட்டுப் பழகிவிட்டோம். "உங்கள் மகனுக்கு இரண்டாம் படிநிலைத் தலையீடு தொடங்குகிறோம்" என்று கடிதம் வந்தால், வீட்டில் அன்றைக்குச் சமையல் நடக்காது. 'இடையீடு' கொஞ்சம் தேவலாம். ஆனால் அதிலும் தடங்கல் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிய சண்டை 'படிநிலை'யோடுதான். படி என்றால் ஏறுவது. மேல் படிக்குப் போவது பெருமை. இங்கே இருக்கும் மூன்று நிலைகளில், மூன்றாவதுக்குப் போகும் பிள்ளைக்குத்தான் சிரமம் அதிகம். அப்புறம், ஒரு படியில் ஏறினால் முந்தைய படியை விட்டுவிட வேண்டும். இந்த முறையில் எதையும் விடக் கூடாது. வகுப்பில் எல்லாருக்கும் நடக்கும் நல்ல பாடம் முதலாவது. அது போதாத பிள்ளைகளுக்குச் சிறு குழுவில் கூடுதல் பயிற்சி, அது இரண்டாவது. அதுவும் போதாத சிலருக்கு இன்னும் சிறிய குழுவில் அல்லது தனியாக, அடிக்கடி, அதிக நேரம். பாடநூல் கணக்குப்படி முதலாவதே போதுமான பிள்ளைகள் 80 விழுக்காடு, இரண்டாவதும் வேண்டியவர்கள் 15, மூன்றாவதும் வேண்டியவர்கள் 5. மூன்றாவதில் இருக்கும் பிள்ளையும் முதலாவதில் இருந்தே தீரும். ஒன்றின் மேல் ஒன்று சேர்கிறதே தவிர, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று இல்லை. அதனால்தான் 'அடுக்கு' என்கிறேன்.

இது வெறும் சொல் ஆசை இல்லை. 2015இல் அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு, 13 மாநிலங்களில் 146 தொடக்கப் பள்ளிகளை வைத்து ஒரு மதிப்பீடு வெளியிட்டது. முதல் வகுப்பில், கூடுதல் பயிற்சி யாருக்கு என்று பிரிக்கும் வெட்டு மதிப்பெண்ணை ஒட்டி நின்ற பிள்ளைகளைப் பார்த்தால், கூடுதல் பயிற்சிக்கு அனுப்பியது வாசிப்பை உயர்த்தவில்லை, கொஞ்சம் இறக்கியிருந்தது. பல பள்ளிகளில் அந்தப் பயிற்சி முதன்மை வாசிப்புப் பாடவேளைக்குள்ளேயே நடந்ததும் தெரியவந்தது. அதுதான் காரணம் என்று ஆய்வு அறுதியிடவில்லை. ஆனாலும் பிள்ளையை வகுப்பிலிருந்து எழுப்பிக்கொண்டு போனால் அது அடுக்கு இல்லை, இடமாற்றம்.

என் பரிந்துரை: முழு முறைக்கு 'அடுக்குத் துணைமுறை'. இரண்டாம், மூன்றாம் அடுக்கில் தருவதற்குக் 'கூடுதல் துணை'. 'கற்பித்தல்' என்ற சொல்லைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு. வாசிப்பு, கணக்கு மட்டுமல்லாமல் பிள்ளைகளின் நடத்தைக்கும் இதே முறைதான். ஆர்டிஐ (ரெஸ்பான்ஸ் டு இன்டர்வென்ஷன்) என்ற இந்த முறையின் பழைய பெயரை எழுத்துக்கூட்டிப் போட்டுவிடாதீர்கள். நம்மவர்கள் தகவல் உரிமைச் சட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

'முகமை' என்றதும் எனக்கு எரிவாயு சிலிண்டர் முகமைதான் கண்ணில் வருகிறது. 'மாநிலக் கல்வித் துறை' போதும். ஆனால் நம்மூர்த் துறை போல இயக்குநர் சுற்றறிக்கை போட்டால் மறுநாள் எல்லாப் பள்ளியிலும் நடக்கும் என்று வாசகர் நினைக்கக் கூடாது. அங்கே பள்ளிகளை நடத்துவது உள்ளூர்ப் பள்ளி வாரியங்கள். டென்னசி 2014 ஜூலையிலிருந்து கற்றல் குறைபாட்டைக் கண்டறிய இதே வழியைத்தான் பின்பற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கியது. எல்லா மாநிலமும் அப்படிச் செய்யவில்லை. மிச்சிகனில் இந்த முறையை நடத்தப் பள்ளிகளுக்கு வழிகாட்ட மாநில அளவில் ஓர் உதவி மையம் இருக்கிறது. புளோரிடாவில் கல்வித் துறை தென் புளோரிடா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பயிற்சி தருகிறது. வழிகாட்டி எழுதுவது, பயிற்றுநர்களை உருவாக்குவது, மானியத்தைப் பிரித்துக் கொடுப்பது, தரவு பார்க்கக் கற்றுக்கொடுப்பது என்று மாநிலத் துறையின் வேலை போகிறது. இதில் எனக்குப் பிடித்தது, உதவியையே அடுக்காகப் பிரிப்பது: எல்லா வாரியங்களுக்கும் பொதுவான பயிற்சி, சிலவற்றுக்குக் குறிப்பிட்ட உதவி, மிகத் தடுமாறும் ஒன்றிரண்டுக்குக் கூடவே உட்கார்ந்து செய்யும் உதவி. பெரியவர்களுக்கும் அதே மருந்து!

---

தம்பி,

அடுக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'துணை' என்றாலே எனக்குத் துணைத்தேர்வு ஞாபகம் வருகிறது. தோற்றவர்களுக்கு என்ற வாடை இல்லையா? 'ஆதரவு' என்று மாற்றலாமா? இன்னொன்று, நம் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று அழகான பெயர்கள் வைத்தார்களே, அந்த மாதிரி இதற்கும் வைத்தால் என்ன? 'புரோகிரஸ் மானிட்டரிங்'குக்கு 'முன்னேற்றக் கண்காணிப்பு' போட்டிருக்கிறேன்.

---

அக்கா,

ஆதரவு என்றால் எனக்கு ஆதரவற்றோர் இல்லமும் கட்சி ஆதரவும்தான் வருகின்றன. 'வழித்துணை' என்கிறோமே, கூடவே வருவது என்ற அந்தப் பொருளில் துணை இருக்கட்டும்.

அரும்பு, மொட்டு, மலர் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதம். அவை பிள்ளை எந்த நிலையில் கற்கிறது என்பதற்கு வைத்த பெயர்கள். அங்கே அது பொருந்தும். இங்கே எண் துணைக்கு, பிள்ளைக்கு இல்லை. ஒரே பிள்ளை வாசிப்பில் மூன்றாம் அடுக்குத் துணையும் கணக்கில் முதல் அடுக்கும் பெறலாம். ஆசிரியர் அறையில் 'டியர் த்ரீ பையன்' என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறார்கள் என்பது வேறு. நீங்கள் எழுதும்போது "மூன்றாம் அடுக்கு மாணவர்" என்று எங்குமே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், "மூன்றாம் அடுக்குத் துணை பெறும் மாணவர்" என்று எழுதுங்கள். இரண்டு சொல் கூடினால் கூடட்டும்.

கண்காணிப்பு என்றால் சிசிடிவி. நடப்பது என்னவென்றால், ஆசிரியர் கையில் ஸ்டாப்வாட்ச், பிள்ளை முன்னே ஒரு பத்தி. ஒரு நிமிடம் வாய்விட்டு வாசிக்க வேண்டும். தப்பான சொல்லில் ஆசிரியர் தன் தாளில் ஒரு சாய்கோடு போடுவார். மூன்று நொடி திணறினால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அதையும் தப்பில் சேர்ப்பார். பிள்ளை தானே திருத்திக்கொண்டால் சரி. நிமிடத்துக்கு எத்தனை சொல் சரியாக வந்தது என்பது ஒரு புள்ளி. வாராவாரம் புள்ளிகளை இலக்குக் கோட்டோடு ஒப்பிடுகிறார்கள். தொடர்ந்து நான்கு புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால் பாடம் சொல்லும் விதத்தை மாற்று என்பது பல இடங்களில் நடைமுறை. மாற வேண்டியது பயிற்சி என்பது தெரியட்டும். 'முன்னேற்றப் பதிவு' போதுமே?

வழிகாட்டியில் கொட்டை எழுத்தில் போட வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்தின் 2004 திருத்தம், கற்றல் குறைபாடு என்று முடிவு செய்ய நுண்ணறிவு எண்ணுக்கும் தேர்ச்சிக்கும் இடைவெளி விழும்வரை காத்திருக்கும் பழைய கட்டாயத்தை மாநிலங்கள் விதிக்க முடியாதபடி செய்தது. நல்லதுதான். ஆனால் சில இடங்களில் "இரண்டாம் அடுக்கு முடியட்டும், பார்க்கலாம்" என்று கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீட்டைத் தள்ளிப்போட இந்த அடுக்கு முறையே சாக்கானது. அப்படித் தள்ளக் கூடாது என்று 2011 ஜனவரியில் கூட்டாட்சிக் கல்வித் துறை மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. துணை நடந்துகொண்டிருக்கும்போதே பெற்றோர் முழு மதிப்பீடு கேட்கலாம். நம் பெற்றோர் ஆசிரியர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

'ஃபிடெலிட்டி'க்கு மட்டும் இன்னும் பிடி கிடைக்கவில்லை. விசுவாசம் என்றால் சிரிப்பு வருகிறது. திட்டத்தில் எழுதியபடி, சொன்ன நேரம், சொன்ன நாட்கள் நடத்தினார்களா என்பதுதான் பொருள். 'வழுவாமை' என்று வைத்திருக்கிறேன். குழுவில் யாராவது இதைவிட நல்லது சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.