க்ளோசருக்கு ஸ்டார்ட்டரைக் குடுக்கலாமா? சிம் பேஸ்பால் டிரேடு சண்டை

கெடிலக்கரை:
நம்ம லீக்ல டிரேடு (டீமுங்க ஆள் மாத்திக்கறது) முடிய இன்னும் நாலு நாள். அவுட் ஆஃப் தி பார்க்ங்கற பேஸ்பால் கம்ப்யூட்டர் கேம்லதான் ஓட்டறோம், டீமை நாம நடத்தறோம், மேட்சை சிம் ஆடுது, புதுசா சேர்ந்தவங்களுக்காகச் சொல்றேன். ஒரு க்ளோசர், அதாவது லீடு இருக்கும்போது கடைசி 9வது இன்னிங்ஸ் போட்டு மேட்சை முடிக்கிற பிட்சர், ஆஃபர் வந்திருக்கு. இதுவரை 31 சேவ் (லீடைக் காப்பாத்தி முடிச்ச மேட்ச்), ஈஆர்ஏ (ஒம்போது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கணக்குல விழற ரன்) 2.48, ஸ்டஃப் (பேட்டரை அடிக்க விடாத திறமை) 75, கன்ட்ரோல் (குறி தவறாம போடற திறமை) 55 (ரேட்டிங் 20–80 அளவுல). பதிலுக்கு என் மூணாவது ஸ்டார்ட்டரை (மேட்சை ஆரம்பிக்கிற பிட்சர்) கேக்கறாங்க, சீசனுக்கு 180 இன்னிங்ஸ் போடறவன். என் டீம் 9வது இன்னிங்ஸ்ல அடிக்கடி கோட்டை விடுது. குடுக்கலாமா?

லாஸ்பேட்டை லெஃப்டி:
குடுக்காத தம்பி. முதல்ல அந்த 31ஐ மறந்துடு. மூணு ரன் லீடோட வந்து, ஒரு இன்னிங்ஸ் போட்டு, ரெண்டு ரன் குடுத்து மூச்சு வாங்க முடிச்சாலும் சேவ்தான். அன்னிக்கு அவனோட ஈஆர்ஏ 18.00!

அமெரிக்க மேஜர் லீக்ல ஒரு டீம் ஒரு இன்னிங்ஸ் பேட் பண்ணா, நூத்துக்கு 72, 73 தடவை ரன்னே வராது. மூணோ அதுக்கு மேலயோ வர்றது அஞ்சாறு தடவைதான். அப்போ சராசரி பிட்சரே மூணு ரன் லீடை நூத்துக்கு 94 தடவை காப்பாத்திடுவான். உன் ஆள் அதை 97 ஆக்குவான்னே வச்சுக்க. அந்த மூணுக்கா 180 இன்னிங்ஸைத் தூக்கிக் குடுப்ப?

முதுநகர் மூர்த்தி:
அண்ணே, உங்களுக்கு வசதியான கேஸை மட்டும் எடுத்துப் பேசறீங்க. ஒரு ரன் லீடுக்கு அதே கணக்கைப் போடுங்க. சராசரி ஆள் கையில நூத்துக்கு 27 தடவை லீடு போகும். ரன்னே குடுக்காம 82 தடவை முடிக்கிற க்ளோசர்னா 18தான். ஒம்போது வித்தியாசம். ஒரு ரன் மேட்ச்லதான சீசனே தொங்குது!

நியூயார்க் யாங்கீஸ் டீமோட க்ளோசர் மரியானோ ரிவேராவுக்கு 652 சேவ். பிளேஆஃப்ல 141 இன்னிங்ஸ் போட்டு ஈஆர்ஏ 0.70. 2019ல ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு ஓட்டு விடாம எல்லா ஓட்டும் விழுந்துச்சு, அதுவரைக்கும் யாருக்கும் விழாதது. அத்தனை பேரும் ஏமாந்துட்டாங்களா?

லாஸ்பேட்டை லெஃப்டி:
ரிவேராவைக் காட்டி ஊர்ல இருக்கிற ஒவ்வொரு க்ளோசரையும் விக்கிறதுதான் பிரச்சனையே. அவரு கிட்டத்தட்ட இருபது வருஷம் அப்படியே நின்னாரு. மத்தவனெல்லாம் உங்க துறைமுகத்து வஞ்சிரம் மாதிரி மூர்த்தி. காலைல ஏலத்துல ஒரு விலை, மத்தியானம் வேற விலை. வருஷத்துக்கு 65 இன்னிங்ஸ் போடறவனோட ஈஆர்ஏ ரெண்டு மோசமான நாள்ல ஆடிப்போகும்.

சரி, உன் ஒம்போதையே எடுத்துக்கறேன். 45 சேவ் வாய்ப்பு, ஒரு ரன், ரெண்டு ரன், மூணு ரன் லீடு தலா 15ன்னு வை. சராசரி ஆளைவிட க்ளோசர் கூடுதலா காப்பாத்தற லீடு: 1.35, 0.8, 0.45. கூட்டினா 2.6. லீடு போனாலே தோல்வி இல்ல, பாதி மேட்ச் திரும்ப ஜெயிக்கலாம். ஆக லாபம் ஒன்றேகால் வெற்றி, போனா போகுதுன்னு ஒன்றரை. ஸ்டார்ட்டர் பக்கம் பாரு. சும்மா கிடைக்கிற ஆளைவிட ஒம்போது இன்னிங்ஸுக்கு 0.9 ரன் கம்மியா குடுத்தா, 180 இன்னிங்ஸுக்கு 18 ரன். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றின்னு எடுத்தா கிட்டத்தட்ட ரெண்டு. இதுல க்ளோசரைச் சராசரி ஆளோட ஒப்பிட்டிருக்கேன், அதனால அவனுக்கு இன்னும் கொஞ்சம் சேத்துக்கலாம், ஒத்துக்கறேன். அப்பவும் சமம்தான் வரும், மேல போகாது.

உப்பளம்_87:
நடுவுல ஒரு விதி விஷயம், ஏன்னா பாதிப் பேரு தப்பா புரிஞ்சு வச்சிருக்கீங்க. சேவ் அதிகாரபூர்வ கணக்கானது 1969ல. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே கணக்குப் போட ஆரம்பிச்சவரு ஜெரோம் ஹோல்ட்ஸ்மன்னு ஒரு சிகாகோ விளையாட்டு நிருபர். இப்போ இருக்கிற வடிவம் 1975ல வந்தது. மேட்சை முடிக்கணும், வெற்றி உன் பேர்ல இருக்கக் கூடாது. அதுக்கு மேல இந்த மூணுல ஒண்ணு வேணும்: மூணு ரன்னுக்கு மிகாத லீடோட வந்து ஒரு இன்னிங்ஸ் போடணும்; இல்ல, சமன் செய்யற ரன் பேஸ்லயோ பேட்டிங்லயோ அடுத்து வர்ற இடத்துலயோ இருக்கணும்; இல்ல, மூணு இன்னிங்ஸ் போடணும். அந்த மூணாவதால 12–1 மேட்ச்ல கடைசி மூணு இன்னிங்ஸ் ஒப்பேத்தினவனுக்கும் சேவ் விழும்.

ஸ்ட்ராட்டோமேட்டிக்ங்கற கார்டு, பகடை பேஸ்பால் கேம் ஆடறவங்க ஒரு வாதம் வைப்பாங்க: வெள்ளைப் பகடையில 1, 2, 3 விழுந்தா பேட்டர் கார்டு, 4, 5, 6 விழுந்தாதான் பிட்சர் கார்டு. அப்போ பாதி ஆட்டத்துல க்ளோசருக்கு வேலையே இல்லையேன்னு. அது ஓட்டை வாதம். பாதிதான் எடுபடும்னு தெரிஞ்சுதான் நல்லவனோட கார்டை நெஜத்தைவிட நல்லதா அச்சடிக்கறாங்க.

லாஸ்பேட்டை லெஃப்டி:
நன்றி உப்பளம். இப்போ ஒரு காட்சியைப் பாருங்க. 8வது இன்னிங்ஸ், ஒரு ரன் லீடு, ஒரு அவுட், பேஸ் மூணும் நெறைஞ்சிருக்கு, வர்றது எதிரணியோட நாலாவது பேட்டர். சராசரி தருணத்தோட அழுத்தம் 1ன்னா இங்க நாலைத் தாண்டும். புல்பென்ல (மாத்து பிட்சருங்க காத்திருக்கிற இடம்) ஸ்டஃப் 75 உக்காந்திருக்கான், ஆனா அவன் பேருக்குப் பக்கத்துல ‘க்ளோசர்’னு போட்டதால சிம் எடுக்காது. ஸ்டஃப் 50 வர்றான், ரெண்டு ரன் போகுது. மறுநாள் மூணு ரன் லீடு, 9வது ஆரம்பம், பேஸ் காலி, அழுத்தம் 1ஐ ஒட்டி. இப்போ 75 வந்து சேவ் எடுத்துட்டுப் போறான். பும்ராவை 20வது ஓவருக்குன்னு பொத்தி வச்சுட்டு 17லயே மேட்சைக் குடுக்கற கேப்டனை நம்ம ஊர்ல என்ன சொல்லித் திட்டுவோம்?

2016ல பால்டிமோர் டீம் செஞ்சது அதேதான். அவங்க க்ளோசர் ஸாக் பிரிட்டன், அந்த வருஷம் ஈஆர்ஏ 0.54, 47க்கு 47 சேவ். டொராண்டோவோட வைல்டு கார்டு, தோத்தா வெளிய போற ஒரே மேட்ச், ஸ்கோர் 2–2. லீடு வரட்டும்னு மேனேஜர் பக் ஷோவால்டர் அவரை உக்கார வச்சாரு. 11வதுல உபால்டோ ஹிமெனெஸ் கிட்ட எட்வின் என்கார்னாசியோன் மூணு ரன் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சு முடிச்சாரு. பிரிட்டன் ஒரு பந்து போடல.

முதுநகர் மூர்த்தி:
பிரிட்டன் கதை ஒரு நாக்அவுட் மேட்ச், நாம பேசறது 162 மேட்ச் சீசன். நீங்க சொல்ற மாதிரி அவனை ‘ஸ்டாப்பர்’ ஆக்கினா என்ன ஆகும்? 7வதுலயே நெருக்கடின்னு இறங்குவான். ஒரு இன்னிங்ஸுக்கு 15, 16 பந்துன்னா ரெண்டு இன்னிங்ஸுக்கு 30க்கு மேல. மறுநாள் சோர்வுப் பட்டை கீழ இறங்கி இருக்கும். ரெண்டு நாள் அவன் இல்லைன்னா அந்த ரெண்டு நாள்ல வர்ற ஒரு ரன் லீடு? அதே வருஷம் கிளீவ்லாண்டு டீம் தன் பிட்சர் ஆண்ட்ரூ மில்லரை 5வது, 6வதுல எல்லாம் இறக்கி ஜெயிச்சுச்சு, ஏஎல்சிஎஸ்ல (அமெரிக்கன் லீக் ஃபைனல் தொடர்) சிறந்த ஆட்டக்காரரே அவருதான். ஆனா அது அக்டோபர் பிளேஆஃப், நடுநடுவுல ஓய்வு நாள் உண்டு. ஜூலைல அப்படி ஓட்டினா ஆகஸ்ட்ல கை போயிடும். க்ளோசர்னு ஒரு வேலை குடுத்தா எப்போ வருவான், எத்தனை பந்து போடுவான்னு கட்டுக்குள்ள இருக்கும். நான் காசு குடுக்கறது அதுக்குத்தான்.

லாஸ்பேட்டை லெஃப்டி:
இது நல்ல பாயிண்ட், மறுக்கல. அதனாலதான் ஸ்டாப்பர் ஒருத்தனை மட்டும் வைக்கக் கூடாது. ஸ்டஃப் 65க்கு மேல ரெண்டு பேர் வேணும். முதல் நாள் 25 பந்தைத் தாண்டினவனை மறுநாள் கையாலயே ஓய்வுல போடு, சிம்மை நம்பாத.

அந்த ரெண்டாவது ஆளை வாங்க வேணாம் கெடிலக்கரை, செஞ்சுக்கலாம். உன் டிரிபிள் ஏ-ல (மேஜருக்கு ஒரு படி கீழ இருக்கிற டீம்) தேறாத ஸ்டார்ட்டர் இருப்பான்ல? ரெண்டு பிட்ச் (பந்து வகை) மட்டும் 60க்கு மேல, மூணாவது 35, ஸ்டாமினா கம்மி. அவனை ரிலீவர் (நடுவுல வர்ற மாத்து பிட்சர்) ஆக்கிப் பாரு, ஸ்டஃப் எகிறும். கன்ட்ரோல் 45க்குக் கீழ இருந்தா மட்டும் தொடாத. வாக் (நாலு பந்து குறி தவறினா பேட்டருக்குச் சும்மா பேஸ்) குடுத்தே கொல்லுவான். ஹோம் ரன் தவிர்க்கிற ரேட்டிங்கும் முக்கியம், ஒரு ரன் லீடுல ஒரே அடியில போறது அங்கதான்.

உப்பளம்_87:
சம்பளத்தையும் பாருங்க. நெஜ உலகத்துல ஆர்பிட்ரேஷன்ல (சம்பளச் சண்டையை நடுவருங்க முடிவு பண்றது) சேவ்தான் பேசும். 2017ல யாங்கீஸ் பிட்சர் டெலின் பெட்டான்சஸ் 50 லட்சம் டாலர் கேட்டாரு. யாங்கீஸ் 30 லட்சம்னு நின்னுச்சு, யாங்கீஸ்தான் ஜெயிச்சுச்சு. ஸ்ட்ரைக்அவுட் குவிச்ச ஆள், ஆனா 9வது இன்னிங்ஸ் அவருது இல்ல, அதனால க்ளோசர் சம்பளம் இல்லன்னு வாதம். நல்ல செட்டப் ஆள் (க்ளோசருக்கு முன்னாடி வந்து போடறவன்) மலிவா கிடைக்கறது அதனாலதான்.

கெடிலக்கரை:
அப்போ 31 சேவ் க்ளோசர் வேணாம், அதே ரேட்டிங்ல 4 சேவ் செட்டப் ஆளைத் தேடணும், அதான?

லாஸ்பேட்டை லெஃப்டி:
அதேதான். இன்னொண்ணு. அவனை ஒரு மாசம் க்ளோசர்னு போட்டு 10 சேவ் எடுக்க விட்டு வித்தா, வாங்க ஆள் இருக்கு. இந்தத் திரியிலயே ஒருத்தரு இருக்காரு.

முதுநகர் மூர்த்தி:
புரியுது யாரைச் சொல்றீங்கன்னு.

லாஸ்பேட்டை லெஃப்டி:
கோவிச்சுக்காத. என் கிட்ட 38 சேவ் எடுத்தவன் ஒருத்தன் இருக்கான், ஒப்பந்தம் இன்னும் ரெண்டு வருஷம். உன் அஞ்சாவது ஸ்டார்ட்டரைக் குடு, எடுத்துக்க.

முதுநகர் மூர்த்தி:
கன்ட்ரோல் எவ்ளோ?

லாஸ்பேட்டை லெஃப்டி:
45.

முதுநகர் மூர்த்தி:
வாக் குடுத்தே கொல்லுவான்னு யாரோ மேல சொன்னாங்களே அண்ணே. ஆறாவது ஸ்டார்ட்டர்னா பேசலாம்.