வார்டன் மேடம் உட்கார்ந்து பார்த்த ஃபைனல்

ராத்திரி கண் விழித்து வெளிநாட்டு மேட்ச் பார்த்த அனுபவம் என்றாலே கிரிக்கெட்டும் ஃபுட்பாலும்தான் பேச்சில் வரும். என்னுடையது டென்னிஸ். 2008 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, விம்பிள்டன் ஆண்கள் ஃபைனல். அப்போது கோயம்புத்தூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன்.

டென்னிஸ் பார்க்கிறவர்களுக்கு நேரக்கணக்கு தெரியும். ஆஸ்திரேலியன் ஓபன் ஃபைனல் நமக்கு மத்தியானமே ஆரம்பித்துவிடும். அப்போதெல்லாம் பிரெஞ்சு ஓபனும் விம்பிள்டனும் சாயங்காலம். தூக்கத்தைக் கெடுப்பது யுஎஸ் ஓபன்தான். அதனால் அன்றைக்கு யாரும் கண் விழிக்கும் எண்ணத்தோடு டிவி முன்னால் உட்காரவில்லை. லண்டனில் மழை, அதனால் ஆட்டம் நம் நேரப்படி ஏழு மணிக்கு மேல்தான் தொடங்கியது. அப்படியும் பத்தரைக்குள் முடிந்துவிடும் என்று நம்பினோம். ஹாஸ்டலில் டிவியை அணைக்கிற நேரமும் பத்தரை.

நான் ஃபெடரர் பக்கம். 2003-லிருந்து வரிசையாக ஐந்து முறை அங்கே ஜெயித்தவர். என் ரூம்மேட் நடால் பக்கம். முந்தின மாதம்தான் பாரிஸில் பிரெஞ்சு ஓபன் ஃபைனலில் நடால் 6-1, 6-3, 6-0 என்று அவரைச் சுருட்டியிருந்தார். இப்போது விம்பிள்டன் புல்தரையிலும் முதல் இரண்டு செட் 6-4, 6-4 என்று நடாலுக்கு. மூன்று செட் எடுத்தால் ஜெயம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது செட்டில் ஃபெடரர் 5-4 என்று முன்னால் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கோர்ட்டைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். கூட இருந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தராகப் படுக்கப் போனார்கள்.

சரியாகப் பத்தரைக்கு வார்டன் மேடம் சாவிக்கொத்தோடு வந்தார். திரையில் தார்ப்பாயும் குடைகளும்தான்.

"மழையைப் போய் என்னத்தக் கண்ணு பார்க்கறீங்க?"

ரூம்மேட் விளக்கினாள்: மழை நின்றதும் ஆடுவார்கள் மேடம், அடுத்த வருஷம்தான் மேலே கூரை வருகிறது. "இத்தனை பெரிய இடத்துல இதுவரைக்கும் ஒரு கூரை போடலையா?" என்று அவர் கேட்டது எனக்கு இன்னமும் நியாயமாகத்தான் படுகிறது. மூடக்கூடிய கூரை 2009-ல்தான் வந்தது.

நாங்கள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே தார்ப்பாயை இழுக்க ஆரம்பித்தார்கள். இந்த செட் முடியட்டும் என்று பிளாஸ்டிக் சேரை இழுத்துப்போட்டு அவரும் உட்கார்ந்தார். பாயின்ட் கணக்கில் பதினைந்து, முப்பதுக்கு அப்புறம் ஏன் நாற்பது என்றார். எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை. மூன்றாவது செட் 6-6 ஆகி, அதைத் தீர்க்கும் டைபிரேக்கில் (இரண்டு வித்தியாசத்தோடு ஏழு பாயின்ட்டாவது எடுக்க வேண்டும்) ஃபெடரருக்குப் போனது. "இப்ப ரெண்டுக்கு ஒண்ணு. பாதியில எப்படிப் போறது?" என்றார் மேடம். எங்களுக்கு உயிர் வந்தது.

அந்த நாலாவது செட் டைபிரேக்கைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நடால் 5-2. சர்வீஸும் அவரிடம். இரண்டு பாயின்ட் எடுத்தால் கோப்பை. அந்த இடத்தில் டபுள் ஃபால்ட் அடித்தார், இரண்டு சர்வீஸும் தவறி பாயின்ட் போனது. அதுவரை எதற்கும் அசராத மனிதனின் கை நடுங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு நடால் 8-7, இன்னும் ஒன்று எடுத்தால் கோப்பை என்ற சாம்பியன்ஷிப் பாயின்ட். நடால் ஓடிப்போய் எடுத்து அடித்துவிட்டு வலைக்கு வந்தார். ஃபெடரர் பேக்ஹேண்டில் கோட்டை ஒட்டி நேராக அனுப்பினார், பந்து நடாலைத் தாண்டிப் போனது. நான் கத்தியது மாடி வரை கேட்டிருக்கும். மேடம் அதட்டவில்லை, அவரே எழுந்து நின்றிருந்தார். 10-8 என்று அந்த செட்டும் ஃபெடரருக்கு.

மெஸ் அக்காவை எழுப்ப மனமில்லாமல் மேடமே போய்க் கடுங்காப்பி போட்டு எடுத்து வந்தார். ஐந்தாவது செட் 2-2-ல் மறுபடி மழை. அப்போது நமக்கு மணி பன்னிரண்டரை. அந்த இடைவெளியில்தான் தன் பள்ளிக்கூட நாட்களில் ரிங் பால் ஆடி மாவட்ட அளவு வரை போனதைச் சொன்னார். வருகைப் பதிவு நோட்டோடு மட்டுமே பார்த்துப் பழகியவரிடம் நாங்கள் அதுவரை இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் விம்பிள்டனில் கடைசி செட்டுக்கு டைபிரேக் கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆட வேண்டியதுதான். அங்கே இருட்டிக்கொண்டே வந்தது, கோர்ட்டில் விளக்கும் இல்லை. "ரெண்டு பசங்களுக்கும் ஆளுக்குப் பாதி குடுத்துரலாமில்ல?" என்று மேடம் தவித்தார். கடைசியில் 9-7. ஃபெடரர் அடித்த பந்து வலையில் பட்டது, நடால் அப்படியே மல்லாந்து விழுந்தார். நமக்கு ஒன்றே முக்கால் மணி. மழை நேரத்தைக் கழித்து ஆட்டம் மட்டும் 4 மணி 48 நிமிடம். 1980-ல் ஸ்வீடன்காரர் போர்க் செய்தபிறகு ஒரே வருஷத்தில் பாரிஸையும் விம்பிள்டனையும் ஜெயித்த முதல் ஆண் நடால்தான்.

நான் அழுதேன். ரூம்மேட் ஜெயித்த சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கேமரா ஃப்ளாஷ் வெளிச்சத்தில் கோப்பை மின்னியபோது மேடம் சொன்னார்: "தோத்தவனும் நல்லாத்தான் ஆடுனான் கண்ணு."

டென்னிஸ் எத்தனையோ பார்த்துவிட்டேன், அதைவிட நீண்ட ஆட்டங்களும் இருக்கின்றன. இதுபோல் பக்கத்தில் ஆள் அமையவில்லை.

செப்டம்பரில் யுஎஸ் ஓபன் வந்தபோது தைரியமாக அனுமதிக் கடிதம் எழுதிக்கொண்டு போனோம். எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று மேடம் கேட்டார். நடுராத்திரி தாண்டித்தான் என்றோம். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அது முடியறப்ப பால்காரர் வந்துருவார். போய்ப் படுங்க. யாரு ஜெயிச்சாங்கன்னு காலையில வந்து எனக்கும் சொல்லுங்க."