மறு: ‘சங்க்’ என்பதற்குத் ‘துண்டு’ பொருந்துமா?

எல்லாருக்கும் வணக்கமுங்க. எச்டிடிபி என்பது செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறை. அதில் சர்வர் பதிலைப் பகுதி பகுதியாக அனுப்பும்போது ஒரு பகுதிக்குப் பெயர் ‘சங்க்’ (chunk). அதற்குத் தமிழில் என்ன வைப்பது என்ற பேச்சில் ஒருவர் எழுதியது இது:

> துண்டு என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரிகிறது.

புரிகிறதுதான், ஆனால் தப்பாகப் புரிகிறது. போன வாரம் ஈரோட்டில் ஒரு தம்பியோடு உட்கார்ந்து அவருடைய செயலியைப் பார்த்தேன். மஞ்சள் விலையைக் கைபேசியில் காட்டும் செயலி அது. அலுவலக வைஃபையில் ஒழுங்காக ஓடுகிறது. மண்டிக்குப் போய் மொபைல் டேட்டாவில் திறந்தால், சில நேரம் ஜேசன் (தரவை எழுதி அனுப்பும் ஒரு வடிவம்) பிழை என்று நின்றுவிடுகிறது. சில நேரம் பெயர்களுக்கு நடுவே கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வருகிறது. தம்பி மூன்று நாளாக சர்வரையே குடைந்துகொண்டிருந்தார்.

கோளாறு சர்வரில் இல்லை. வந்து சேரும் ஒவ்வொரு பகுதியையும் செயலி தனித்தனியாக எழுத்தாக்கி, தனித்தனியாக ஜேசனாகப் படித்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். “துண்டு துண்டாத்தானேங்கண்ணா வருது, ஒரு துண்டுக்கு ஒரு பதிவு” என்றார். யாரோ முழுப் பதிலையும் பக்குவமாக நறுக்கி அனுப்புகிறார்கள் என்றுதான் அந்தச் சொல் அவருக்குக் காட்டியிருக்கிறது.

நடப்பது வேறு. எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘ள’வின் இரண்டு பைட் இப்போதும் மீதி ஒன்று அப்புறமும் வந்தால், தனித்தனியாக மாற்றும்போது இரண்டுமே கெட்டுப்போகும். சர்வர் கட்டிய எல்லையிலேயே நம் கைக்கு வரும் என்பதும் இல்லை. ஒரு சங்க் இரண்டு தவணையாக வரலாம், இரண்டு சங்க் ஒட்டிக்கொண்டு வரலாம், இடையில் நின்று வாங்கிக் கொடுக்கும் ப்ராக்ஸி சர்வர் பிரித்து வேறு அளவில் கட்டி அனுப்பலாம். அலுவலக வைஃபையில் மொத்தமும் ஒரே வாசிப்பில் வந்துவிட்டதால் அங்கே வெளியே தெரியவில்லை. பைட்டை எழுத்தாக்கும் ஒரே டிகோடரைக் கடைசி வரை திறந்து வைத்து, அரைகுறை பைட்டை அடுத்தது வரும்வரை கையில் வைத்துக்கொள்ளச் செய்தோம். ஜேசனை முழுதும் வந்தபின் படிக்கச் செய்தோம். சரியாகிவிட்டது.

இனி சொல்லுக்கு வருகிறேன். 1997இல் எச்டிடிபி 1.1 வந்தபோதே இந்தச் சங்க் முறையும் வந்தது. பதில் மொத்தம் எவ்வளவு என்று தெரியுமுன்பே அனுப்பத் தொடங்குவதற்காகத்தான் இது இருக்கிறது. முழுசு என்று ஒன்று இன்னும் உருவாகவே இல்லை, அப்புறம் எதைத் துண்டாக்குவது?

காங்கேயம் பக்கம் எங்கள் பெரியப்பாவின் களத்துக்குத் தேங்காய் வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தோப்பில் பறிக்கப் பறிக்க டிராக்டரில் ஏற்றி விடுவார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு சீட்டு வரும்: ‘இந்த நடை 860’. களத்தில் எண்ணி, சரி என்று ஒரு கோடு போடுவார்கள். மொத்தம் எத்தனை நடை என்று காலையில் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் வண்டி வெறுமனே வந்து நிற்கும். “அவ்வளவுதானுங்க, தோப்பு முடிஞ்சுதுங்க.” அப்போதுதான் கணக்கை முடிப்பார் பெரியப்பா. அந்த வெறும் வண்டி வரவில்லை என்றால், வழியில் என்னமோ ஆகிவிட்டது என்று ஆள் அனுப்புவார்.

எச்டிடிபி செய்வது அச்சாக இதுதான். முதலில் அளவு ஒரு வரியில், அடுத்து அத்தனை பைட் சரக்கு, கடைசியில் 0 என்ற அளவோடு வெறும் ஒன்று. அந்த 0 வராமல் இணைப்பு அறுந்தால் பதில் அரைகுறை, அதை முழுசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் என் முன்மொழிவு: சங்க் - நடை, அந்த முறை - நடைவாரி அனுப்பல், அளவு வரி - நடையளவு, கடைசி 0 - வெறும் நடை. வகைவாரி, ஊர்வாரி என்பதுபோல் நடைவாரி நாக்குக்கு இடறவில்லை.

நடையளவு பதினாறடிமான (ஹெக்ஸ்) எண், அதாவது பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணுவது. இதைச் சொல்விளக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். ‘மஞ்சள்’ என்ற சொல்லில் மேல் புள்ளிகளையும் சேர்த்து ஆறு குறிகள், 18 பைட். நடையளவு வரியில் 12 (ஒரு பதினாறும் இரண்டும்) என்று இருக்கும். அதை நம் பன்னிரண்டாக நினைத்து 12 பைட் எடுத்தால் ‘மஞ்ச’ மட்டும் கிடைக்கும். பேச்சில் அப்படித்தானே சொல்கிறோம், அதனால் கண்ணுக்கும் தப்பாகத் தெரியாது! மிஞ்சிய ‘ள்’ அடுத்த அளவு இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் குலைக்கும். வந்ததைப் பிரித்துப் படிக்கும் நிரலைக் கையால் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள்.

கோபி அக்கா சொன்ன ‘தவணை’ எனக்கும் பிடித்தது, மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆனால் தவணை என்றாலே மொத்தக் கடன் முன்பே தெரிந்திருக்கும். ‘ஈடு’ சொன்ன பல்லடத்து நண்பருக்கு: ஒரு ஈடு இட்லி என்பது அழகுதான், ஆனால் தட்டின் குழி மாறாது, நடைக்கு நடை சரக்கு மாறும். ‘பொதி’யை வலையில் போகும் பேக்கட்டுக்கு ஏற்கனவே கொடுத்துவிட்டோம்.

நடை என்றால் உரைநடையும் கோயில் நடையும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கட்டும், மணல் லாரிக்காரர் ‘நாலு நடை அடிச்சோம்’ என்றால் யாரும் குழம்புவதில்லை.

துண்டை வீணாக்க வேண்டாம். முழுக் கோப்பும் சர்வரில் இருக்க, இந்தப் பைட்டிலிருந்து இதுவரை கொடு என்று கேட்டு 206 என்ற நிலையோடு வாங்குகிறோமே, அது உண்மையிலேயே துண்டு. அதற்கு வைப்போம். எச்டிடிபி 2இல் நடைவாரி அனுப்பலே கிடையாது, அங்கே சட்டகங்கள் (ஃப்ரேம்) அந்த வேலையைப் பார்க்கின்றன. அதை இதோடு கலக்க வேண்டாம்.

வெறும் நடைக்குப் பிறகும் சில தலைப்புகள் (பதிலைப் பற்றிய குறிப்பு வரிகள்) வரலாம், ட்ரெய்லர் என்பது அதைத்தான். ‘பின்தலைப்பு’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. லாரி, மண்டி, தறி எந்தப் பக்கத்திலிருந்தாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்க.