கடையை மூடிட்டுப் படிக்கப் போறவங்க எங்க மாட்டிக்கிறாங்க? (சுங்கை சிப்புட், மலேசியா)

ஈப்போ ரோடு:
சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கவுண்டர்ல ஒரு தையல்கார அக்கா கேட்ட கேள்வி இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. கடையை மூடியாச்சு, பாலர் பள்ளி டீச்சர் டிப்ளோமா படிக்கணும். சுயதொழில் சொக்சோ கட்டின ரசீதை எல்லாம் வருஷவாரியா ஃபைல்ல அடுக்கிக் கொண்டு வந்திருந்தாங்க. "பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஃபேக்டரில வேலை போனப்ப மாசாமாசம் காசு வந்துச்சு, கோர்ஸ் ஃபீஸும் கட்டுனாங்க. நானும் அதே சொக்சோதானே கட்டுறேன்?"

அதிகாரி ரெண்டு பிரசுரத்தை எடுத்து ரசீதுக்குப் பக்கத்துல வச்சாரு. ஒண்ணு சட்டம் 789, இன்னொண்ணு சட்டம் 800. ரெண்டுமே 2017-ல போட்ட சட்டம், ரெண்டையும் பார்க்கிறது சொக்சோதான். ஆனா 789 சுயதொழில் செய்றவங்களுக்கு வேலையில அடிபட்டா, ஊனமானா, இறந்தா உதவுறதுக்கு. வேலை போனவங்களுக்கு அலவன்ஸ், 4,000 வெள்ளி வரைக்கும் பயிற்சிக் கட்டணம் எல்லாம் 800-ல இருக்கு. அதுக்கு முதலாளி 0.2 விழுக்காடு, தொழிலாளி 0.2 விழுக்காடு சம்பளத்துல கட்டியிருக்கணும். சொந்தக் கடைக்காரருக்கு முதலாளியும் இல்ல, சம்பளமும் இல்ல. கடையை மூடினா "வேலை இழந்தவர்" கணக்குலயே சேரமாட்டாங்க.

அக்கா ரசீதை எல்லாம் திரும்ப அடுக்கி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அந்தக் கதவு மூடினா வேற எந்தக் கதவு இருக்குன்னு யாருமே சொல்லல. தெரிஞ்சவங்க எழுதுங்க.

மார்க்கெட் சந்து:
முதல்ல எஸ்எஸ்எம், அதாவது வியாபாரத்தைப் பதிவு பண்ற ஆணையம். புதுப்பிக்காம விட்டா பதிவு தானா மூடிக்கும்னு நம்ம ஆளுங்க பாதிப் பேர் நினைக்கிறாங்க. மூடாது, காலாவதி ஆகும், அவ்வளவுதான். கைப்பேசி ரிப்பேர் கடை வச்சிருந்த பையன் ஒருத்தன் "நான் இப்ப சும்மாதான் இருக்கேன்"னு உதவிக்கு எழுதிக் கொடுத்தான். அதிகாரி கணினித் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாரு: வியாபாரம் காலாவதி. நிறுத்தினதுக்கு எந்தப் பதிவும் இல்ல. "நாளைக்கே நீ புதுப்பிச்சுக்கலாமே தம்பி" அப்படின்னாரு. அவர் சொன்னது நியாயம்தான்.

செய்ய வேண்டியது போராங் சி, வியாபாரத்தை நிறுத்துற பாரம். எஸ்எஸ்எம்-மோட இணையச் சேவை இஸிபிஸ் கணக்கு வழியா ஆன்லைன்லயே போடலாம், இல்லன்னா எஸ்எஸ்எம் கவுண்டர். வியாபாரத்தை நிறுத்தின 30 நாளுக்குள்ள கொடுக்கணும்னு 1956-ஆம் வருஷத்து வியாபாரப் பதிவுச் சட்டம் சொல்லுது. அதுல எழுதுற நிறுத்தின தேதிதான் பின்னால எல்லா பாரத்துலயும் வரும். கடை வாடகை முடிஞ்சது ஒரு தேதி, மஜ்லிஸ் (ஊராட்சி மன்றம்) லைசென்ஸ் ரத்து பண்ணினது ஒரு தேதி, போராங் சி-ல வேற தேதின்னு இருந்தா, மூணையும் பார்க்கிற ஆளுக்கு மூணு சந்தேகம் வரும்.

லாயக்காடு:
மார்க்கெட் சந்து அண்ணே, மூடு மூடுன்னு எல்லாரையும் அவசரப்படுத்தாதீங்க. மூடுறதுக்கு முன்னாடி அந்தக் கடையை வச்சு என்ன எடுக்கலாம்னு பாருங்க.

எஸ்பிஎம் (அஞ்சாம் படிவ அரசுத் தேர்வு) சரியில்லாதவங்களுக்குப் படிக்கப் போக இருக்கிற வழி ஏப்பல். எம்கியூஏ (படிப்புகளை அங்கீகரிக்கிற அரசு அமைப்பு) வச்சிருக்கிற முறை அது. வேலை அனுபவத்தைக் கணக்குல எடுத்துக்கிட்டு சான்றிதழ் படிப்புக்கு 19 வயசுலருந்தும், டிப்ளோமாவுக்கு 20-லருந்தும், டிகிரிக்கு 21-லருந்தும் சேர்க்கலாம். ஒரு தேர்வு எழுதணும், ஒரு போர்ட்ஃபோலியோ கொடுக்கணும். சொந்தத் தொழில் பண்ணினவங்க கவிழுறது இந்த போர்ட்ஃபோலியோவுலதான். கம்பெனியில வேலை செஞ்சவன் முதலாளிகிட்ட ஒரு கடிதம் வாங்கினா முடிஞ்சது. கடைக்காரருக்கு யார் கடிதம் கொடுப்பா? எஸ்எஸ்எம் பதிவும் வருஷா வருஷம் புதுப்பிச்ச ரசீதும், மஜ்லிஸ் லைசென்ஸ், சரக்கு வாங்கின இன்வாய்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், வாடிக்கையாளர் கடிதம், தேதியோட வேலைப் படங்கள், இதெல்லாம்தான் அவருக்குச் சாட்சி. படிக்கப் போற துறைக்கும் செஞ்ச தொழிலுக்கும் சம்பந்தம் இருக்கணும்னும் பார்ப்பாங்க. தையல்காரர் பாலர் பள்ளி டிப்ளோமாவுக்குப் போனா, அந்த அனுபவம் இங்க எதுக்குப் பயன்படுதுன்னு போர்ட்ஃபோலியோவுல அவரே எழுதிக் காட்டணும்.

கடையைக் காலி பண்றப்ப நம்ம ஆளுங்க முதல்ல குப்பையில போடுறதே பழைய பில் புத்தகத்தைத்தான்!

பட்டறை, சலூன், வெல்டிங் மாதிரி கைத்தொழில்னா ஜேபிகே-யோட (திறன் மேம்பாட்டுத் துறை) பிபிடி முறை இருக்கு. வகுப்புக்கே போகாம, செஞ்ச வேலையை நிரூபிச்சு எஸ்கேஎம்னு சொல்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம். எஸ்கேஎம் 3 கையில இருந்தா அதே துறையில நிறைய டிப்ளோமாவுக்குக் கதவு திறக்கும். ஃபீஸுக்கு யோசிக்கிறவங்களுக்கு ஊழியர் சேமநிதி, அதான் இபிஎப் இருக்கவே இருக்கு.

பாரம் எழுதுறவர்:
லாயக்காடு சொன்ன போர்ட்ஃபோலியோ சரி. ஆனால் இந்த ஊரில் விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் வருமானப் பத்திரம். அதை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) மீ கோரெங் விற்ற ஒருவரின் ஸ்டேட்மென்டை அதிகாரி வாங்கினார். கியூஆர் மூலம் வந்த தொகைகளையெல்லாம் கூட்டி, அடியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்: மாதம் 9,000 வெள்ளிக்குக் கொஞ்சம் கூட. "இதுதான் உங்கள் வருமானமா?" அந்த மனிதருக்கு வாயே வரவில்லை. அது விற்பனை. மீ, கோழி, முட்டை, எண்ணெய், கேஸ், தப்பாக் (கடை போடும் இடம்) வாடகை, உதவியாளர் கூலி, பெட்ரோல் எல்லாம் 6,800 போனால் அவர் கையில் நின்றது 2,200. ஆனால் அதைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

ஆகவே ஒரே பக்கத்தில் கணக்கு எழுதுங்கள். கடைசி ஆறு மாதம், மாதத்துக்கு ஒரு வரி. விற்பனை, சரக்கு, வாடகை, கூலி, மற்றவை, மிச்சம் என்று கட்டம். ஸ்டேட்மென்டில் உள்ள தொகையும் விற்பனைக் கட்டமும் ஒத்துப்போக வேண்டும். அக்காள் அனுப்பிய பணம், கூட்டுப் பணம் போன்றவை விற்பனையில் சேராது. அந்த வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள்.

அடுத்தது வரி. சொந்தத் தொழில் உள்ளவர் தாக்கல் செய்வது போராங் பி, கெடு ஜூன் 30. சம்பளக்காரருக்கு போராங் பிஇ, கெடு ஏப்ரல் 30. மார்ச்சில் கடையை மூடினாலும், அந்த ஜூனில் தாக்கல் செய்வது போன வருடத்து முழு வியாபார வருமானம். ஜனவரி முதல் மார்ச் வரை வந்தது அதற்கடுத்த ஜூனில், அதுவும் போராங் பி-யில்தான். அதாவது கவுண்டரில் நீட்டும் வரிப் பத்திரம் எப்போதும் கடை ஓடிய காலத்தையே காட்டும். கடை மூடிய செய்தி அதில் வந்து சேர ஒரு வருடம் ஆகும். அந்த இடைவெளியை அடைக்க, வரிப் பத்திரத்தோடு போராங் சி நகலையும் வருமான உறுதிக் கடிதத்தையும் சேர்த்துக் குத்திக் கொடுங்கள். கடிதத்தில் பெங்குலு (வட்டாரத் தலைவர்), ஜேபி (சமாதான நீதிபதி), சட்டமன்ற உறுப்பினர் இவர்களில் யார் கையெழுத்து செல்லும் என்று அந்தந்த பாரத்திலேயே போட்டிருப்பார்கள். பாரம் ஒருவரைக் கேட்க வேறொருவரிடம் வாங்கிப்போய் நிற்காதீர்கள். சத்தியப் பிரமாணம் கேட்டால் அது 1960-ஆம் வருடச் சட்டப்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன் போடுவது. பெங்குலு முத்திரை அதற்கு ஈடாகாது.

இப்போது பிடிபிடிஎன், அதாவது தேசிய உயர்கல்வி நிதி. அது உதவித்தொகை இல்லை, கடன். வருடத்துக்கு 1 விழுக்காடு உஜ்ரா (நிர்வாகக் கட்டணம்) உண்டு. இருந்தாலும் டிப்ளோமா, டிகிரி படிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு வழி அதுதான். எஸ்டிஆர் (அரசின் ரொக்க உதவி) வாங்கும் குடும்பம் என்றால் கடன் முழு அளவு. எஸ்டிஆர் இல்லாமல் குடும்ப வருமானம் 8,000 வெள்ளிக்குள் என்றால் 75 விழுக்காடு. 8,000-க்கு மேல் போனால் 50. மேலே சொன்ன மீ கோரெங்காரர் விற்பனையை வருமானம் என்று எழுதியிருந்தால் எந்த வரிசையில் விழுந்திருப்பார் என்று பாருங்கள்!

அதனால் படிப்புக்கு மனுப் போடுவதற்கு முன்பே எஸ்டிஆர் விவரத்தைச் சரிசெய்யுங்கள். குடும்பத்துக்கு வரம்பு மாதம் 5,000 வெள்ளி, 2,500-க்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொகை கூடுதல். கடை ஓடிய காலத்தில் எழுதிய வருமானம் அப்படியே கிடந்தால் யாரும் வந்து மாற்றமாட்டார்கள். பிறகு சுராட் தவாரான் (கல்லூரி இடம் தரும் கடிதம்) வந்ததும் படிப்பவர் பெயரிலேயே எஸ்எஸ்பிஎன் (பிடிபிடிஎன் சேமிப்பு) கணக்கு, 20 வெள்ளியில் திறக்கலாம். பிள்ளை பெயரில் ஏற்கெனவே இருக்கும் கணக்கைக் காட்டினால் செல்லாது. படிப்பில் குறைந்தது ஒரு வருடம் மிச்சம் இருக்க வேண்டும். தனியார் கல்லூரி என்றால் அந்தப் படிப்பு எம்கியூஏ பதிவில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள், கல்லூரிக்காரர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

மார்க்கெட் சந்து:
லாயக்காடு, "இபிஎப் இருக்கவே இருக்கு"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்களே! சம்பள வேலையே பார்க்காதவருக்கு இபிஎப்-ல என்ன கிடக்கும்? ஐ-சாரான்ல (சுயதொழில்காரங்க தானா சேமிக்கிற இபிஎப் திட்டம்) தானா போட்டிருந்தாத்தான் உண்டு. 2024 மே 11-லருந்து போடுற காசு மூணா பிரியுது. 75 விழுக்காடு பெர்சாராஆன் (ஓய்வுக்காலத்துக்கு), 15 செஜாத்ரா (நலத்தேவைக்கு), 10 ஃப்ளெக்ஸிபெல் (எப்ப வேணா எடுக்க). படிப்புக்கு எடுக்கிறது செஜாத்ராவுலருந்து. 2,500 வெள்ளி போட்டிருந்தா அந்தப் பக்கம் போறது 375. ஒரு செமெஸ்டர் புத்தகச் செலவுக்கே இழுத்துப்பறி. முன்ன ஃபேக்டரில இருந்து பழைய அக்கவுன் 2-ல சேர்ந்தவங்களுக்குத்தான் கொஞ்சம் மிஞ்சும். அதுவும் டிப்ளோமா, அதுக்கு மேல படிக்கிறவங்களுக்கு.

லாயக்காடு:
375-ஆ இருந்தாலும் காசுதானே. கொலெஜ் கொமுனிட்டியில (அரசு சமூகக் கல்லூரி) செமெஸ்டர் ஃபீஸ் 200 வெள்ளி, அது நம்ம ஊர்லயே இருக்கு. எல்லாரும் ஏன் ஈப்போவுக்குத் தனியார் காலேஜ் தேடி ஓடுறாங்கன்னு புரியல.

மார்க்கெட் சந்து:
கொலெஜ் கொமுனிட்டி சான்றிதழ் படிப்புக்கு இபிஎப் எடுக்கலாம்னு நான் சொல்லல. மேல இருக்கிறதை மறுபடி படிங்க.

கம்பத்து அக்கா:
நீங்க ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போடுங்க. படிக்கிற காலத்துல வீட்டுல அடுப்பு எரியணுமே, அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே?

படிக்கிறதுக்குன்னு தனியா கெபாஜிக்கான்ல (சமூகநல இலாகா) மாசக்காசு கிடையாது. ஆனா குடும்பம் கஷ்டத்துல இருந்தா பிள்ளைங்க பேர்ல பந்துவான் கானாக் கானாக் (குழந்தைகள் உதவி) கேட்கலாம். 6 வயசும் அதுக்குக் கீழும் பிள்ளைக்கு 250 வெள்ளி, 7-லருந்து 18 வரைக்கும் 200, ஒரு குடும்பத்துக்கு உச்சம் 1,000. நம்ம வட்டாரத்துக்கு ஆபீஸ் கோலக்கங்சார் பக்கம். கூடவே இ-காசே (ஏழைக் குடும்பங்களோட அரசுப் பட்டியல்) பதிவும் பண்ணிடுங்க, அது டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல.

வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க, அதுதான் முக்கியம். நாசி லெமாக் வித்த ஒரு தங்கச்சி வீட்டுக்கு அதிகாரி வந்தப்ப, பின்கட்டுல ரெண்டு கேஸ் தோம்பு, ரெட்டை அடுப்பு, அம்பது முட்டை வேகுற அளவுக்கு அலுமினியச் சட்டி, மடிச்சு வச்ச குடை, எல்லாம் அப்படியே நின்னுச்சு. அவங்க ஒண்ணும் கேட்கல, சட்டி உள்ளே மட்டும் எட்டிப் பார்த்தாங்க. அடியில எண்ணெய் பிசுபிசுப்பு. அதுக்கு முந்தின நாள் திருப்பூட்டு வீட்டுக்குச் சமைச்சுக் கொடுத்தது. வியாபாரம் நடக்குதுன்னு எழுதிட்டாங்கன்னா மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும்.

சாமானை விக்கப் போறீங்கன்னா வித்துட்டு, வாங்கினவர் பேர், தொகை, தேதி போட்டு ஒரு தாள்ல கையெழுத்து வாங்கி வைங்க. விக்கலன்னா ஏன் விக்கலன்னு வந்தவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க. எப்பவாவது ஆர்டர் எடுத்தா அதையும் வருமானத்துல எழுதுங்க, மாசம் 150-னா 150. மறைச்சு வச்சு அப்புறம் தெரிஞ்சாத்தான் தொல்லை.

ஈப்போ ரோடு:
அக்கா சொன்னது சரி. இன்னொண்ணு, வயசு. பிடிபிடிஎன்-ல மனுப் போடுற தேதியில 45 தாண்டியிருக்கக் கூடாது. ஏப்பல் தேர்வு, ரிசல்ட், சுராட் தவாரான், பதிவு எல்லாத்துக்கும் காத்திருக்கணும். 44 வயசுல "அடுத்த இன்டேக் பார்க்கலாம்"னு ஒருத்தர் விட்டாரு, அடுத்த இன்டேக் வந்தப்ப மனுவே போட முடியல. ஐசி-ல இருக்கிற பிறந்த தேதியிலருந்து பின்னால எண்ணிக்கிட்டு வாங்க.

பாரம் எழுதுறவர்:
ஒன்று விட்டுப்போனது. கடை மூடிய பிறகும் வருமான வரி வாரியத்திலிருந்து சிபி500 வரும், இரண்டு மாதத்துக்கு ஒரு தவணை கட்டச் சொல்லி. போன வருடக் கணக்கை வைத்து அனுப்புவது அது. வந்ததைத் தூக்கிப் போடாமல், ஜூன் 30-க்குள் சிபி502 போட்டுத் தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்த நகலையும் ஃபைலில் வையுங்கள், வருமானம் குறைந்ததற்கு அதுவும் ஒரு சாட்சி.