120 + 150 + 130 = 290? பவர் பிஐ-க்குக் கூட்டல் வராதா?

பழைய கணக்கன் | காலை 9:12
நேற்று எங்கள் அலுவலகத்துக்கு, தரவை அட்டவணையும் வரைபடமுமாகக் காட்டும் பவர் பிஐ மென்பொருளைச் சொல்லித்தர ஒரு பயிற்சியாளர் வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். "பவர் பிஐ கற்றுக்கொண்டால் எக்ஸலை மூட்டை கட்டிவிடலாம்" என்றார். சரி, காட்டுங்கள் பார்ப்போம் என்று எங்கள் விற்பனைக் கோப்பையே கொடுத்தேன். மாதவாரியாக எத்தனை வாடிக்கையாளர்கள் வாங்கினார்கள் என்று ஒரு அட்டவணை போட்டார். ஏப்ரல் 120, மே 150, ஜூன் 130. கீழே தடித்த எழுத்தில் டோட்டல்: 290. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் 290. மூன்றாம் வகுப்புப் பையனைக் கேட்டால் 400 என்பான். கூட்டத் தெரியாத மென்பொருளுக்கு மாதச் சந்தா வேறு!

டாக்ஸ்தாசன் | 9:31
ஐயா, அது டிஸ்டிங்ட் கவுண்ட், அதாவது ஒரே ஆளை ஒரு முறைதான் எண்ணும். ஏப்ரலில் வாங்கியவரே மே மாதமும் வந்தால் இரண்டு மாதக் கணக்கிலும் இருப்பார், ஆனால் ஆள் ஒருவர்தானே? மூன்று மாதத்தில் உங்களிடம் வாங்கியவர்கள் மொத்தம் 290 பேர். மெஷர் என்பது, அதாவது பவர் பிஐ-யில் நாம் எழுதும் கணக்கு ஃபார்முலா, ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கட்டத்துக்குரிய ஃபில்டரை வைத்துப் புதிதாகக் கணக்கிடப்படும். டோட்டல் வரியில் மாத ஃபில்டர் கிடையாது. மேலே இருக்கும் எண்களை அது திரும்பிக்கூடப் பார்க்காது. பவர் பிஐ சான்றிதழுக்கான பிஎல்-300 தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது முதல் வாரப் பாடம்.

பழைய கணக்கன் | 9:38
மேலே இருக்கும் எண்களைத் திரும்பிப் பார்க்காத டோட்டல்! பேஷ், பேஷ். தம்பி, அங்கே "டோட்டல்" என்றுதான் எழுதியிருக்கிறது, "தலை எண்ணிக்கை" என்று எழுதவில்லை. 27 வருடமாக டோட்டல் போட்டுச் சோறு தின்கிறவன் நான். 120, 150, 130. கூட்டினால் 400.

நூல்கடை | 9:55
கணக்கன் அண்ணே, ஆள் எண்ணிக்கையை விடுங்கள். என் கடைக் கணக்கு சொல்கிறேன். சேலை விற்பனை 8 லட்சம், அதில் லாபம் 20 சதவீதம். ரெடிமேட் 2 லட்சம், லாபம் 40 சதவீதம். கீழே என்ன வர வேண்டும்? கூட்டினால் 60, சராசரி போட்டால் 30. இரண்டும் பொய். 1.6 லட்சமும் 0.8 லட்சமும் சேர்த்து 2.4 லட்சம் லாபம், 10 லட்சத்துக்கு 24 சதவீதம். பவர் பிஐ 24 என்றுதான் காட்டுகிறது. எக்ஸலில் என் பையன் 30 போட்டு வைத்திருந்தான், நானும் ஒரு வருடம் அதை நம்பி விலை வைத்தேன்.

பழைய கணக்கன் | 10:02
சதவீதத்தைக் கூட்டக்கூடாது என்று எனக்கே பாடமா? அது உங்கள் பையன் செய்த தப்பு, எக்ஸலின் தப்பு இல்லை. நான் கேட்டது 400 எங்கே போனது என்று.

கோலம் | 10:20
பவர் பிஐ-க்குப் போட்டியான டேப்லோ மென்பொருளில் இந்தச் சண்டையே வராது அண்ணா. டோட்டல் மேல் வலது கிளிக் செய்து "டோட்டல் யூசிங்" என்பதில் சம், ஆவரேஜ், மினிமம், மேக்ஸிமம் என்று எது வேண்டுமோ தேர்ந்தெடுக்கலாம். சம் கொடுத்தால் 400.

டாக்ஸ்தாசன் | 10:24
முதலில் ஆட்டோமேட்டிக் என்றுதானே இருக்கும்? அப்போது எவ்வளவு வரும்? சொல்லுங்களேன்.

கோலம் | 10:26
290. ஆனால் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது என்பதுதான் பேச்சு.

பழைய கணக்கன் | 10:29
ஆக, இரண்டு கம்பெனியும் சேர்ந்து என் 110 பேரை விழுங்கிவிட்டார்கள்.

டாக்ஸ்தாசன் | 10:47
ஐயா, உங்கள் எக்ஸலைத் திறங்கள். அதே கோப்புக்குப் பிவட், அதாவது சுருக்க அட்டவணை போடுங்கள். போடும்போது "டேட்டா மாடலில் சேர்" என்ற பெட்டியை டிக் செய்யுங்கள், எக்ஸல் 2013 முதல் இருக்கிறது. பிறகு வாடிக்கையாளர் பெயரை டிஸ்டிங்ட் கவுண்ட் என்று மாற்றுங்கள். ஏப்ரல் 120, மே 150, ஜூன் 130, கிராண்ட் டோட்டல் 290. உங்கள் செல்ல எக்ஸலே 290 சொல்லும். ஏன் தெரியுமா? பவர் பிஐ மெஷர்களை எழுதும் டாக்ஸ் மொழியே 2010-ல் எக்ஸலுக்கான பவர் பிவட்டோடு பிறந்ததுதான். பவர் பிஐ 2015-ல்தான் வெளிவந்தது. தாயைக் கொஞ்சிவிட்டுப் பிள்ளையை அடிக்கிறீர்கள்.

பழைய கணக்கன் | 10:58
நான் பிவட்டே போடுவதில்லை. ஆல்ட் பிடித்துக்கொண்டு சமக்குறி. ஒரு நொடி. 400.

டாக்ஸ்தாசன் | 11:03
அப்படியானால் பேச என்ன இருக்கிறது.

பழைய கணக்கன் | 11:05
இருக்கிறதே. 110 பேர் இருக்கிறார்கள்.

சும்மா வந்தவன் | 11:15
பட்டியலில் தேடி எடுத்துத் தரும் புது எக்ஸல் ஃபார்முலா எக்ஸ்லுக்கப் வந்தபோதும் இவர் இப்படித்தான். "விலுக்கப் போதும், இதெல்லாம் சோம்பேறிகளுக்கு" என்று நாலு நாள் ஓட்டினார். அந்தப் பழைய ஃபார்முலா எத்தனையாவது பத்தி என்று எண்ணித்தான் எடுக்கும். கடைசியில் அவர் கோப்பில் யாரோ நடுவில் ஒரு நெடுக்குப் பத்தியை நுழைக்க, விலை வர வேண்டிய இடத்தில் எல்லாம் பின்கோடு வந்தது. நினைவிருக்கிறதா ஐயா?

பழைய கணக்கன் | 11:19
பத்தியை நுழைத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். இங்கே பெயர் சொல்ல மாட்டேன், அவனும் இதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

கோலம் | 11:30
எக்ஸல் பெருமை பேசுகிறவர்களுக்கு 2020 மறந்துவிட்டதா? இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் இறக்கியது. அதில் 65,536 வரிதான் கொள்ளும். 15,841 பேரின் பதிவு தினசரிக் கணக்கில் வராமல் போனது. உங்கள் 110 பேர் எங்கேயும் போகவில்லை அண்ணா, அந்தப் பட்டியலுக்குள்ளேயேதான் இருக்கிறார்கள்.

பழைய கணக்கன் | 11:36
பழைய கோப்பை வைத்துக்கொண்டு புதிய எக்ஸலைத் திட்டுகிறாய் அம்மா. 2007-லிருந்து 10,48,576 வரி. 15,841 பேரைத் தொலைத்தது ஆள், எக்ஸல் இல்லை. என் 110 பேரைத் தொலைத்தது மென்பொருள்.

நூல்கடை | 12:10
ஒரு விஷயத்தில் கணக்கன் அண்ணே பக்கம் நிற்கிறேன். இன்சென்டிவ் கணக்கு. ஒரு லட்சத்துக்கு மேல் விற்றவருக்கு மட்டும் 2 சதவீதம் என்று மெஷர் எழுதினேன். மூன்று பேர்: 80,000, 1,50,000, 70,000. நடுவில் இருப்பவருக்கு மட்டும் 3,000, மற்றவர்களுக்குச் சைபர். சரியாக வந்தது. கீழே டோட்டலைப் பார்த்தால் 6,000! மூன்று பேரையும் ஒரே ஆளாக்கி 3 லட்சத்துக்கு 2 சதவீதம் போட்டிருக்கிறது. நான் பார்க்காமல் 6,000 எடுத்து வைத்திருந்தால்?

பழைய கணக்கன் | 12:12
கேட்டீர்களா! கேட்டீர்களா! நான் சொன்னால் கிழவன் உளறுகிறான்.

டாக்ஸ்தாசன் | 12:25
அதற்குத்தான் டாக்ஸில் சம்எக்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. விற்பனையாளர் பெயரை வேல்யூஸ் என்ற இன்னொரு ஃபங்ஷனுக்குள் போட்டு அதன் மேல் சம்எக்ஸ் சுற்றினால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு அப்புறம் கூட்டும். 3,000 வரும். ஒரு வரி வேலை. நீங்கள் கேட்டதைத்தான் அது கொடுத்தது, கேட்கத் தெரியவில்லை என்றால் அதை ஏன் திட்டுகிறீர்கள்?

நூல்கடை | 12:31
தம்பி, கடைக்காரனுக்கு அதை யார் சொல்வது? டோட்டல் என்று பெயர் வைத்துவிட்டுக் கூட்டாமல் இருந்தால் குழம்பத்தான் செய்வான். சான்றிதழ் வாங்கிய எல்லோரும் இப்படித்தான் பேசுகிறீர்கள்.

டாக்ஸ்தாசன் | 12:34
சான்றிதழை ஏன் இழுக்கிறீர்கள்? படித்து எழுதினேன். கேட்க வேண்டியதை எக்ஸலில் மட்டும் சரியாகக் கேட்டுவிட்டீர்களா? சாதாரணப் பிவட்டில் கால்குலேட்டட் ஃபீல்டு, அதாவது நாமே ஃபார்முலா எழுதும் பத்தி போட்டு விலை பெருக்கல் எண்ணிக்கை என்று எழுதிப் பாருங்கள். 100 ரூபாய்ப் பொருள் 2, 50 ரூபாய்ப் பொருள் 10. உண்மையில் 700 ரூபாய். பிவட் டோட்டல் 150-ஐ 12-ஆல் பெருக்கி 1,800 என்று காட்டும். அதற்கு என்ன சொல்கிறார் கணக்கன் ஐயா?

பழைய கணக்கன் | 12:41
நான் பிவட் போடுவதில்லை என்று 10:58-க்கே சொல்லிவிட்டேன். படிப்பதும் கிடையாதா?

புதுசு22 | 1:05
எல்லோருக்கும் வணக்கம். நான் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். அந்த டோட்டல் வரியே வேண்டாம் என்றால் எங்கே எடுப்பது?

கோலம் | 1:12
இன்னொன்றும் சொல்ல வேண்டும். பவர் பிஐ டெஸ்க்டாப் மேக்கில் ஓடாது. விண்டோஸ் மட்டும்தான். டேப்லோ இரண்டிலும் ஓடும்.

டாக்ஸ்தாசன் | 1:15
டேப்லோ விலைக்கு இரண்டு விண்டோஸ் மடிக்கணினி வாங்கலாம்.

கோலம் | 1:17
டேப்லோ பப்ளிக் இலவசம்.

டாக்ஸ்தாசன் | 1:18
ஆமாம், அதில் வெளியிடுவதை எல்லோரும் பார்க்கலாம். கம்பெனி விற்பனைக் கணக்கை ஊருக்கே தண்டோரா போட வேண்டுமென்றால் இலவசம்தான்.

சும்மா வந்தவன் | 1:30
இரண்டு பேரும் ஒன்றைக் கவனித்தீர்களா? பவர் பிஐ-யில் எண்களைச் சுருக்கிக் காட்டச் சொன்னால் ஆயிரம், மில்லியன், பில்லியன், டிரில்லியன். லட்சம் கிடையாது, கோடி கிடையாது. எங்கள் முதலாளி 4.7 எம் என்பதைப் பார்த்து, "எம் என்றால் மீட்டரா?" என்று கேட்டார்.

பழைய கணக்கன் | 1:33
லட்சம் தெரியாது, கூட்டத் தெரியாது. எக்ஸலை மூட்டை கட்ட வேண்டுமாம்.

டாக்ஸ்தாசன் | 1:36
எக்ஸலிலும் லட்சம் வேண்டுமென்றால் கஸ்டம் ஃபார்மட் எழுதத்தான் வேண்டும். இங்கேயும் டைனமிக் ஃபார்மட்டில் எழுதலாம்.

பழைய கணக்கன் | 1:37
எழுதலாம், சுற்றலாம், டிக் செய்யலாம். நான் ஆல்ட் சமக்குறி அழுத்தலாம்.

நூல்கடை | 1:50
புதுசு தம்பி, உங்களை யாரும் கவனிக்கவில்லை. மேட்ரிக்ஸ் என்ற அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் பகுதிக்குப் போனால் "ரோ சப்டோட்டல்ஸ்", "காலம் சப்டோட்டல்ஸ்" என்று இருக்கும். அங்கே அணைத்துவிடலாம். டோட்டல் என்ற பெயரையும் அங்கேயே மாற்றலாம். நான் "தனி வாடிக்கையாளர்" என்று மாற்றி வைத்திருக்கிறேன்.

பழைய கணக்கன் | 1:54
பார்த்தீர்களா, அவரே பெயரை மாற்றிவிட்டார். அது டோட்டல் இல்லை என்று ஆகிவிட்டதல்லவா?

டாக்ஸ்தாசன் | 1:56
ஐயா, அதைத்தான் காலையிலிருந்து நான் சொல்கிறேன்.

பழைய கணக்கன் | 1:57
இல்லை, நீங்கள் 290 சரி என்றீர்கள். நான் 400 என்றேன்.

புதுசு22 | 2:20
நன்றி அண்ணா, வேலை செய்தது. இன்னொரு சந்தேகம். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டும் டோட்டல் ஒய்டிடி ஃபார்முலா போட்டால் ஜனவரியிலிருந்து சேர்க்கிறது. எங்களுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை வேண்டும்.

டாக்ஸ்தாசன் | 2:24
ஃபார்முலாவின் கடைசியில் ஆண்டு முடியும் தேதியாக மேற்கோள் குறிக்குள் 31-3 கொடுங்கள். தேதிகளுக்குத் தனி அட்டவணை வைத்திருக்கிறீர்களா?

பழைய கணக்கன் | 2:26
தம்பி புதுசு, அதற்கு முன்னால் கீழே டோட்டலில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துச் சொல்.