துணைவேந்தரும் இல்லை, நிதியும் இல்லை: துறைத்தலைவர் என்ன செய்ய முடியும்?

கேள்வி: பொருளியல்_துறை

வணக்கம். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் சுழற்சி முறையில் துறைத்தலைவர் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. துணைவேந்தர் இல்லை, ஒருங்கிணைப்புக் குழுதான் நடத்துகிறது. சம்பளம் எப்போது என்று நிதிப்பிரிவில் கேட்டால் "மானியம் வரட்டும் சார்" என்பதோடு சரி. கௌரவ விரிவுரையாளர்களுக்குப் பல மாதப் பாக்கி. அனுப்பிய கோப்பு எதுவும் திரும்பவில்லை. ஆய்வு மாணவர்கள் தினமும் அறை வாசலில் வந்து நிற்கிறார்கள். மேலே முடிவெடுக்க ஆளில்லாதபோது ஹெச்.ஓ.டி. கையில் உண்மையில் என்னதான் இருக்கிறது?

பதில்: ஓய்வுபெற்ற_வாத்தியார்

பணம் உங்கள் கையில் இல்லை, அதை முதலில் விட்டுவிடுங்கள் தம்பி. 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியபோது எந்தத் துறைத்தலைவராலும் அதைத் திறந்திருக்க முடியாது. ஆனால் கௌரவ விரிவுரையாளர்களின் வருகைப் பட்டியல், வகுப்பு எடுத்த மணிக்கணக்கு, அந்த பில் எல்லாம் உங்கள் மேசையில் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. மாதக் கடைசியிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பி, தபால் பிரிவில் பதிவு எண் வாங்கி, அதை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். பணம் வருகிற அன்று மேசையில் இருக்கிற பில்தான் பாஸ் ஆகும், "உங்க துறை பேப்பர் இன்னும் வரலையே" என்று யாரும் சொல்ல இடம் இருக்காது. அப்புறம், வாரம் ஒருமுறை எல்லோரையும் உட்காரவைத்து உங்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் வருகிற வதந்திதான் துறையை நடத்தும்.

பதில்: ஆய்வு_மாணவி

சார், எங்கள் தரப்பிலிருந்து ஒன்று. ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை (2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய்) பல்கலைக்கழகக் கணக்குக்கு வருவதே இல்லை, யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நேரடியாக எங்கள் கணக்கில்தான் போடுகிறது. ஆனால் ஒவ்வொரு மாதமும் கனரா வங்கி போர்ட்டலில் பல்கலைக்கழகத்தின் மேக்கர் (விவரம் பதிபவர்), செக்கர் (சரிபார்ப்பவர்) இருவரும் உறுதிசெய்ய வேண்டும். அதற்கு முன் வருகைச் சான்றில் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும். நிதி நெருக்கடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் "நிலைமை சரியில்லை" என்று சொல்லி இதையும் கிடப்பில் போட்டுவிடுகிறார்கள். வாடகை கட்ட முடியாமல் விடுதித் தோழியிடம் கடன் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கையெழுத்து முழுக்க உங்களால் முடிகிற காரியம் சார்.

பதில்: வேதியியல்_மதுரை

வாத்தியார் சொல்வது சரி, ஆனால் போதாது. கோப்பை ஒழுங்காக அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நகராது. இங்கே மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் கேட்டு ஊழியர்கள் போராடிய பிறகுதான் விஷயமே வெளியே தெரிந்தது. எல்லாத் துறைத்தலைவர்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு ஒருங்கிணைப்புக் குழுவுக்கு அனுப்புங்கள், பெரும்பாலும் உயர்கல்விச் செயலர்தான் அதற்குத் தலைவர். தனியாகப் போனால் உங்களை மட்டும் குறித்துவைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, காலியிடம் நிரப்பாத துறையில் இதுதான் பெரிய ஆபத்து: யார் யார் ஓய்வுபெறப் போகிறார்கள் என்று இப்போதே பாருங்கள். யு.ஜி.சி. 2022 விதிப்படி ஓய்வுக்கு 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய பி.எச்.டி. மாணவரை எடுக்க முடியாது. ஏற்கெனவே அவரிடம் இருக்கும் மாணவர்களுக்கு, அவர் ஓய்வுக்குப் பின் 70 வயது வரை இணை வழிகாட்டியாக மட்டுமே தொடரலாம், அதனால் முதன்மை வழிகாட்டி ஒருவரை முன்பே ஏற்பாடு செய்தாக வேண்டும். கடைசி மாதத்தில் ஓடினால் அந்த ஒப்புதல் கோப்பும் மற்றவற்றோடு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கேட்டவர்: பொருளியல்_துறை

நன்றி. எங்கள் துறையில் வரும் ஜூனில் இருவர் ஓய்வுபெறுகிறார்கள், அவர்களிடம் ஐந்து மாணவர்கள். வழிகாட்டி மாற்றத்தை நாளைக்கே தொடங்குகிறேன். கூட்டுக் கடிதம் பற்றி மற்றத் துறைத்தலைவர்களிடம் பேசிவிட்டு இங்கே எழுதுகிறேன்.